மேடையில் படித்த கட்டுரை

டீச்சரா என்று கேட்டீர்கள். இல்லை அக்கா. இப்போது போனில் பேசினாரே, அவர் மட்டும்தான் என்னை டீச்சர் என்பார். அவருக்கு இடது காது கேட்காது. அதனால் கத்திப் பேசுவார், நானும் கத்தித்தான் ஆக வேண்டும். "பெருந்துறை தாண்டிட்டேன் சார், பெருந்துறை!" என்று நான் கத்தினதில் கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு சீட்டுக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சியில் வேலை செய்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு வெளிநாட்டில் பெரிய யுனிவர்சிட்டிகளில் சேர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு வழி சொல்லும் இடம். நான் எம்.ஏ. இங்கிலீஷ். பிள்ளைகள் எழுதும் கட்டுரையைத் திருத்துவது என் வேலை. ஆமாம் அக்கா, அதற்குக் கட்டுரை எழுத வேண்டும். நீ யார், எப்படி இப்படி ஆனாய் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்ப வேண்டும். நூறு பேர் கதவைத் தட்டினால் நாலைந்து பேரை உள்ளே விடுகிற இடங்கள் அவை. மார்க் எல்லாரிடமும் இருக்கும். ஆளைக் கட்டுரையில்தான் பார்ப்பார்கள் என்று எங்கள் பிரசன்னா சார் சொல்வார். பிரசன்னா சார்தான் முதலாளி.

அப்படியா, உங்கள் பெண் பிளஸ் ஒன்னா? சிலம்பம், செஸ், வீணை. ஹிந்திப் பரீட்சையெல்லாம் முடித்துவிட்டாளா. சான்றிதழ் எல்லாம் லேமினேஷன் பண்ணிக்கொண்டு வருகிறீர்களா? கனமாகத்தான் இருக்கும் பை. மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மேலே வைத்தால் வளைந்துவிடும்.

வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். எல்லா அம்மாக்களும் கேட்பது அதுதான். நான் வழக்கமாக "சாரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. வீட்டில் என்னை ஊமைக்கோட்டான் என்பார்கள். இன்றைக்கு என்னவோ, திருச்செங்கோடு போவதற்குள் யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை போல இருக்கிறது. நீங்களும் அங்கேதானே இறங்குகிறீர்கள்? தங்கை வீட்டுக்கா? சரி, கேளுங்கள்.

போனில் கத்தினாரே, அவர் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் போர் வண்டி, அதுதான் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரி, வைத்திருக்கிறார். உங்களுக்குத் தெரியாததா, அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு ஆள் ரிக் வண்டியில் வடக்கே போய் வந்தவர்தான். இவர் பதினாறு வயதில் ராடு மாற்றுகிற பையனாக ஏறியவர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வருஷத்தில் பாதி அங்கேதான். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று காது போய்விட்டது. பிறகு சொந்த வண்டி வாங்கினார். இப்போது மூன்று வண்டி. பேசும்போது வலது காதை நம் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை வேறெங்கோ வைத்திருப்பார். முதல் நாள் எனக்குப் பயமாக இருந்தது, கோபமாக இருக்கிறாரோ என்று. பிறகுதான் புரிந்தது, அவர் முழுசாகக் கேட்கிறார்.

போன வருஷம் ஆனி மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சஷ்டிகா. ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, அப்பாவின் வலது பக்கமாகவே நடந்து வந்தாள். அவள் எப்போதும் அந்தப் பக்கம்தான் நடப்பாள். அவர் கையில் உங்கள் கையில் இருப்பது மாதிரியே ஒரு பை. பரதநாட்டியம், கீபோர்டு, அபாகஸ், கோ-கோ, ஓவியம், வினாடி வினா, என்.சி.சி. எல்லாவற்றுக்கும் சான்றிதழ். மேஜையில் பரப்பிவிட்டுச் சொன்னார்:

"பாப்பா செய்யாதது ஒன்னு இருந்தாச் சொல்லுங் டீச்சரு. அடுத்த வாரமே சேத்தி உட்டர்றேன்."

சஷ்டிகா தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, நீச்சல் மட்டும் வேண்டாம்ப்பா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

பிரசன்னா சார் சிரிக்கவில்லை. அவர் எல்லாரிடமும் சொல்வதையே சொன்னார். "பத்து வேலை செய்யற கத்தியை எல்லாரும் கையில வாங்கி வேடிக்கை பார்ப்பாங்க சார். காசு கொடுத்து வாங்கறது ஒரு வேலைக்கான கத்தியைத்தான். உங்க பொண்ணு மாதிரி ஆல்ரவுண்டர் இந்தியா பூரா இருக்காங்க. ஒன்னைக் கூர்மையாக்கணும். மத்ததை விடணும்."

அர்த்தநாரி சார் என்னைப் பார்த்தார். "ஏனுங் டீச்சரு, இத்தனை வருசம் எல்லாம் வேணும்னு சொன்னாங்களே. இப்ப ஒன்னு போதுங்கறாங்க?"

நான் தலையை ஆட்டினேன்.

விட்டோம் அக்கா. நாட்டியத்தை விட்டாள். கோ-கோவை விட்டாள். அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "டீம்ல ஒரு ஆள் குறையும்க்கா, ஜோனல் மேட்ச் வருது" என்றாள். "வேற யாராவது வருவாங்க" என்று நான்தான் சொன்னேன். வேறு யாரும் வரவில்லையாம், அந்த வருஷம் அந்த ஸ்கூல் டீமே போகவில்லையாம். அது எனக்கு அப்புறம் தெரிந்தது. சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது கட்டுரை விஷயம்.

சனிக்கிழமை தோறும் அவளைக் கூட்டி வருவார். வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது இருக்கும். கடலை, கொய்யாப்பழம், ஒரு தடவை நாட்டுக்கோழி முட்டை, உமியில் புதைத்து. அவள் என்னோடு உட்கார்ந்து எழுதுவாள், அவர் ஹாலில் காத்திருப்பார். ஒரு நாள் சுவரில் இருந்த இங்கிலீஷ் போஸ்டருக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். வடக்கே கடைப் பலகையெல்லாம் அப்படித்தான் படிப்பாராம், போன் தமிழில் மாற்றிக் கொடுத்துவிடுமாம். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 'உங்கள் குரலைக் கண்டுபிடியுங்கள்' என்று வந்திருந்தது.

"யாருக்குங் குரல் தொலைஞ்சு போச்சு?" என்றார்.

எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

சஷ்டிகா முதலில் எழுதிக்கொண்டு வந்தது என்ன தெரியுமா? அப்பாவின் போன். அவர் மாதக்கணக்கில் வடக்கே இருப்பார் இல்லையா, எங்கே போர் போட்டாலும் தண்ணீர் வந்ததும் முதலில் வீட்டுக்குத்தான் போன் பண்ணுவாராம். பேச மாட்டாராம். போனைத் தண்ணீர் பக்கம் நீட்டுவாராம். அம்மா ஸ்பீக்கரில் போடுவாராம். இவர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்பார்களாம். முதலில் வெறும் காற்று, அப்புறம் சேற்றைத் துப்புகிற சத்தம், அப்புறம் மழை மாதிரி. 'எனக்குப் பல வித்தைகள் தெரியும் என்று சொல்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான். அந்தச் சத்தத்தை வைத்து எத்தனை இஞ்ச் தண்ணீர் என்று சொல்லிவிடுவேன். நான் சொன்னது சரியாக இருந்தால் அந்தப் பக்கம் அப்பா சிரிப்பார். அவர் வீட்டில் இல்லாத நாட்களில் எனக்கு அப்பா என்றால் அந்தச் சிரிப்புதான்.' இப்படி முடித்திருந்தாள்.

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போதுகூட அந்த வரிகள் ஓடும்.

பிரசன்னா சார் படித்துவிட்டு, "அழகா இருக்கு. ஆனா இதுல காயம் எங்கே?" என்றார். அதுதான் எங்கள் ஆபீஸ் வழக்கம் அக்கா. பிள்ளை வந்து உட்கார்ந்ததும் காயம் தேட வேண்டும். யாராவது செத்திருக்க வேண்டும், யாராவது குடித்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் பள்ளிக்கூடத்தில் கேலியாவது செய்திருக்க வேண்டும். எனக்கு அதில் நல்ல பெயர். நான் பேச மாட்டேன் இல்லையா, சும்மா உட்கார்ந்திருப்பேன். எதிரில் இருக்கும் பிள்ளை அந்த அமைதி தாங்காமல் எதையாவது சொல்லிவிடும்.

சஷ்டிகாவும் அப்படித்தான் சொன்னாள். அவர்கள் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் ராக்கியண்ணன் என்கிற பெரியவருடையது. அதில் ஒரு கிணறு. சின்ன வயதில் அந்த மேட்டில் உட்கார்ந்துதான் இவள் வீட்டுப்பாடம் எழுதுவாளாம். இவள் அப்பா அதற்கு இந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தருக்கு ஆழமாகப் போர் போட்டுக் கொடுத்தார். அடுத்த கோடையில் ராக்கியண்ணன் கிணறு வற்றிவிட்டது. போரால்தான் வற்றியதா, மழை இல்லாமல் வற்றியதா, யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கப்புறம் ராக்கியண்ணன் இவர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் அவள் சொன்னது. போகிற போக்கில், பேனா மூடியைக் கடித்துக்கொண்டு.

நான் பிடித்துக்கொண்டேன்.

முதல் வரியை நான்தான் எழுதினேன். 'என் அப்பாவின் போன் வரும்போதெல்லாம் எங்கோ ஒரு கிணறு சாகிற சத்தம் எனக்குக் கேட்கும்.' இங்கிலீஷில் இன்னும் நன்றாக இருக்கும் அக்கா. படித்தால் சிலிர்க்கும். அப்புறம் ராக்கியண்ணன், வற்றிய கிணறு, அப்பா ஊர் ஊராகப் போய் பூமியைத் துளைத்துக் குடிக்கிற மனிதர், அவர் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கப் பிறந்த மகள். மழைநீரை நிலத்துக்குள் விட இரண்டு குழி வெட்டச் சொல்லிப் போட்டோ எடுத்தோம். கூர்மையாகிவிட்டாள். நிலத்தடி நீர்ப் பெண் ஆகிவிட்டாள்.

அவள் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். ஹாலில் அவர் யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார், "அறுநூறு அடிக்கு மேல போகாத கண்ணு, பாறை ஒடையுது" என்று. அவள் அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா?" என்றாள்.

"அவருக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே சஷ்டிகா."

நான்தான் சொன்னேன். சாதாரணமாகச் சொன்னேன். டீ குடிக்கிறாயா என்று கேட்கிற மாதிரி.

பன்னிரண்டு இடத்துக்கு அனுப்பினோம். பங்குனியில் ஒவ்வொன்றாக இல்லை, இல்லை என்று வந்தது. அவர் போன் பண்ணுவார். "ஏனுங் டீச்சரு, நாட்டியத்தை உட்டது தப்புங்களா?" என்பார். கடைசியில் ஒரு இடத்திலிருந்து வந்தது. பெரிய இடம். நீங்களே பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். படிப்புச் செலவில் பெரும்பகுதி அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விடியற்காலையில் அவர் போன் பண்ணி என்னை எழுப்பி, ஒன்றும் பேசாமல் போனை நீட்டினார். அந்தப் பக்கம் அம்மாவும் பெண்ணும் அழுகிற சத்தம், சிரிக்கிற சத்தம். அவர் போனை நீட்டுவது எதற்கு என்று எனக்குத் தெரியும் இல்லையா.

அத்தோடு முடிந்திருக்கலாம்.

ஆனால் நம் ஊரில் அப்படி முடியுமா? பாராட்டு விழா வைத்துவிட்டார்கள். ரிக் வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, கல்யாண மண்டபத்தில். வாசலில் பிளெக்ஸ். ஒரு பக்கம் சுதந்திர தேவி சிலை, ஒரு பக்கம் போர் வண்டி, நடுவில் சஷ்டிகா கண்ணாடி போட்டுக்கொண்டு. 'எங்கள் மண்ணின் ஆழம் தொட்ட மகளே' என்று எழுதியிருந்தது. ஆறேழு பேர் பேசினார்கள். பிரசன்னா சாருக்குச் சால்வை போட்டார்கள். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அர்த்தநாரி சார் மைக்கைப் பிடித்தார்.

"எம் பொண்ணுக்கு எடம் வாங்கிக் குடுத்தது ஒரு கட்டுரைங்க. அது இங்கிலீசுல இருக்குதுங். நமக்குத் தெரியாது. எங்க டீச்சரம்மா தமிழ்ல படிச்சுச் சொல்லுவாங்க. வாங்க டீச்சரு."

யாரோ கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். நான் அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வீட்டு பிரின்டரில் எடுத்தது. நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்து கிழிந்திருந்தது. மையில் கட்டைவிரல் ரேகை. கொடுக்கும்போது மைக்குக்கு எட்டாமல் மெதுவாகச் சொன்னார், "போனு ஏதேதோ ஒளறுதுங் டீச்சரு. நீங்க சொல்லுங்." நான் அந்தப் போஸ்டர் கதையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, அந்தப் பதற்றத்திலும் சிரித்துவைத்தேன்.

தாளைப் பிரித்தேன். முதல் வரி. கிணறு சாகிற சத்தம்.

முன்வரிசை முழுக்க வெள்ளை வேட்டி. எல்லாரும் பூமியைத் துளைக்கிறவர்கள். அவர் மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் படித்தேன் அக்கா. தாளைப் பார்த்துக்கொண்டே படித்தேன். ஆனால் தாளில் இருந்ததைப் படிக்கவில்லை. 'என் அப்பா தண்ணீர் வந்ததும் போன் பண்ணுவார். பேச மாட்டார்' என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பழைய கட்டுரை. நான் வேண்டாம் என்று ஒதுக்கினது. ஒரு வரி விடாமல் வந்தது. காற்று, சேறு, மழை, எத்தனை இஞ்ச் என்று சொல்கிற பெண், அந்தப் பக்கம் சிரிக்கிற அப்பா. என் குரல் நடுங்கவே இல்லை. எனக்கே ஆச்சரியம்.

முன்வரிசையில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர்கள் எல்லாருமே அப்படித்தான் வீட்டுக்குப் போன் பண்ணுவார்கள் போல. அர்த்தநாரி சார் அழுதார். குழந்தை மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. எழுந்து வந்து என் கையிரண்டையும் பிடித்துக்கொண்டு, "அப்ப போனுக்குத்தானுங் கோளாறு" என்றார். "போனுக்குத்தானுங் கோளாறு." இரண்டு தடவை.

எனக்கு ஒரே கூச்சம். கையை உருவிக்கொண்டு இறங்கிவிட்டேன். தாளையும் எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன், வேறு யாரும் படித்துவிடக் கூடாது என்று.

கை கழுவும் இடத்தில் சஷ்டிகா வந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அது நல்லா இல்லைன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

அது பிரசன்னா சார் சொன்னது என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. குழாயை மூடினேன்.

அன்றிலிருந்து மனசு சரியில்லை. ஒரு மனிதரை அத்தனை பேருக்கு நடுவில் ஏமாற்றிவிட்டேன் இல்லையா? அவர் கேட்டது மொழிபெயர்ப்பு. நான் கொடுத்தது வேறு. அந்தப் பொய்தான் என்னை அரிக்கிறது. எதற்காகப் படித்தேன் என்று நினைத்துக்கொள்வேன். தொண்டை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

ஆவணியில் அவள் அமெரிக்கா போய்விட்டாள். எனக்கு எப்போதாவது மெசேஜ் அனுப்புவாள். போன மாதம் ஒன்று: 'அப்பா இப்பல்லாம் தண்ணி வந்தா போன் பண்றதில்லக்கா.' அங்கே ராத்திரியாக இருக்கும், தூக்கம் கெடும் என்று பண்ணாமல் இருப்பார் என்று பதில் போட்டேன்.

அவர் வேறு ஒன்று ஆரம்பித்திருக்கிறார். இப்போதெல்லாம் எங்கே போர் போட்டாலும் பக்கத்தில் ஒரு மழைநீர்க் குழி அவரே வெட்டிக் கொடுக்கிறாராம், காசு வாங்காமல். மற்ற வண்டிக்காரர்கள் கிண்டல் பண்ணுகிறார்களாம். ராக்கியண்ணன் தோட்டத்துக்குப் போய், கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டிக் கொடுக்கிறேன் என்று கேட்டாராம். அந்தப் பெரியவர் முதலில் கட்டிலை விட்டே எழவில்லையாம். இவர் வாசலிலேயே நின்றிருக்கிறார். மகளின் பிராஜெக்ட்டை அப்பா தொடர்கிறார் பார் என்று பிரசன்னா சார் அதை எங்கள் ஆபீஸ் பேஸ்புக் பக்கத்தில் போட்டோவுடன் போட்டார். நிறைய லைக்.

நேற்று எனக்குப் போன் பண்ணினார். அவர் ஆபீசில் அந்தக் கட்டுரையை மாட்ட வேண்டுமாம். "அந்தக் காயிதத்தைக் கொண்டாங்க டீச்சரு. நீங்க மேடையில படிச்ச தமிழையும் எழுதிக் கொண்டாங்க. ரெண்டையும் ஒரே கண்ணாடிக்குள்ள, பக்கத்துல பக்கத்துல போட்டு மாட்டோணும்." அங்கே எத்தனை பேர் வருவார்கள் அக்கா. இன்ஜினியர்கள், பேங்க்காரர்கள். இங்கிலீஷ் தெரிந்த ஒருத்தர் நின்று படித்தால் போதும்.

அதனால் ஒரு வேலை செய்திருக்கிறேன். இந்தப் பையில் பாருங்கள். இது தமிழ். இது இங்கிலீஷ், ஆனால் அனுப்பினது இல்லை. தமிழுக்குத் தகுந்த மாதிரி நான் புதிதாக அடித்தது. கீழே சஷ்டிகா பெயர். இரண்டும் ஒத்துப்போகும். யார் படித்தாலும் சந்தேகம் வராது. அவர் கொடுத்த பழைய தாள் இதோ, அடியில் இருக்கிறது. கிழிந்துவிட்டது, புதிதாக எடுத்தேன் என்று சொல்லிவிடலாம் என்று...

என்ன அக்கா? போன் என்ன உளறியது என்றா?

அது சும்மா, அவர் போஸ்டர் கதையை...

இருங்கள்.

காவிரிப் பாலம் வந்துவிட்டதா. தண்ணீர் நிறையப் போகிறது.

அந்தத் தாள் விழாவுக்கு முன்பே அவர் பையில் இருந்தது. நாலு மடிப்பும் நைந்திருந்தது. ஒரு தடவை மடித்து வைத்த தாள் அப்படி நைந்து போகாது, இல்லையா? எத்தனை தடவை பிரித்திருப்பார். எத்தனை தடவை அதற்கு மேல் போனைப் பிடித்துப் பார்த்திருப்பார். கடைப் பலகையைப் படிக்கிற போன் ஒரு பக்கக் கட்டுரையைப் படிக்காதா? எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

நீங்கள் சொல்வது சரி அக்கா. அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை நம்ப முடியாமல் என்னிடம் கொடுத்திருக்கிறார். போனுக்கு என்ன தெரியும், டீச்சருக்குத் தெரியும் என்று. நான் வேறு ஒன்றைப் படித்ததும் அழுதாரே, அது பெருமையில் அழுதது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போனுக்குத்தான் கோளாறு, போனுக்குத்தான் கோளாறு. அவர் தப்பித்துவிட்டதாக நினைத்து அழுதிருக்கிறார்.

அப்புறம் வீட்டுக்குப் போயிருப்பார். மறுபடி யோசித்திருப்பார். பிரின்டர் வீட்டில்தானே இருக்கிறது. இன்னொரு தாள் எடுத்திருப்பார். யாரிடமும் கேட்கவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராக்கியண்ணன் வாசலில் போய் நின்றிருக்கிறார். போன் பண்ணுவதை நிறுத்தியிருக்கிறார். அவள் காதில் கிணறு சாகிற சத்தம் விழக் கூடாது என்று. அந்த வரி அவளுடையது இல்லையே அக்கா. அது என் வரி.

பக்கத்துல பக்கத்துல போட்டு மாட்டோணும் என்றாரே. இரண்டும் வேறு என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறார்.

இந்தப் புதுத் தாளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாமா? சரி, கிழித்துவிடுகிறேன். பழையதைக் கொடுக்கப் போகிறேன். சும்மா கொடுக்க மாட்டேன். அவர் வலது பக்கம் உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்லிவிட்டு, எது சஷ்டிகா எழுதினது, எது நான் எழுதினது என்று சொல்ல வேண்டும். கத்தித்தான் சொல்ல வேண்டும். ஆபீசில் எத்தனை பேர் இருந்தாலும் சரி.

மலை தெரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

உங்களுக்குப் பதில் சொல்லவே இல்லை. வாய்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள், நான் என் கதையை வைத்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்த பிள்ளைக்கு அங்கே இடம் கிடைப்பது கஷ்டம்தான் அக்கா. செஸ், வீணை, சிலம்பம் எல்லாம் எல்லாரும் கொண்டுவருகிறார்கள். அதற்கு மேல் ஏதாவது... உங்கள் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார்?

சாயப்பட்டறையா? பள்ளிபாளையத்திலா, ஆற்றோரமா? வீட்டுக்கு வரும்போது கையில் சாயம் இருக்குமா? எவ்வளவு தேய்த்தாலும் போகாதா? உங்கள் பெண் சின்ன வயதில் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறாளா? யாராவது கேலி செய்திருக்கிறார்களா? ஆறு என்ன நிறத்தில்...

ஏன் அக்கா, பையை அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொள்கிறீர்கள்?

இல்லை. இல்லை, நான்...

ஸ்டாண்ட் வந்துவிட்டது. அதோ நிற்கிறார் பாருங்கள், வெள்ளைச் சட்டை. கையில் ஒரு மஞ்சப்பை. எனக்குத்தான் இருக்கும், கடலையோ என்னவோ. பஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். கொஞ்சம் வழி விடுங்கள், நான் முன்னால் இறங்கிக்கொள்கிறேன்.

வாய்ப்பு இருக்கிறது அக்கா. இப்போது நல்ல வாய்ப்பு இருக்கிறது, அந்தச் சாயக் கை கிடைத்துவிட்டதே. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று எங்கள் ஆபீசில் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். என்னிடம் சொன்னதே அதிகம்.